காசி ராஜா உபயம்

ஊர் உலா: வாசகர் கேள்வி பதில்

பதில் சொல்பவர் சென்னை மேற்கு மாம்பலத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியை. மகள் வீடு இங்கிலாந்தில் இருப்பதால் அங்கே மூன்று முறை போய்ப் பல மாதங்கள் தங்கியிருக்கிறார்.

கேள்வி: போன இதழில் லண்டன் பற்றி எழுதும்போது, ‘இங்கிலாந்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் காசி ராஜா வெட்டிக் கொடுத்த கிணறு’ என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். அது எங்கே இருக்கிறது டீச்சர்? காசி ராஜாவுக்கும் இங்கிலாந்துக் கிராமத்துக்கும் என்ன சம்பந்தம்? – நங்கநல்லூர் வாசகர்

பதில்: அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்ததில் பாதிக்கு மேல் இதே கேள்வி. அதனால் இந்த முறை வேறு ஊர் வேண்டாம். அந்தக் கிணற்றையும் அதைச் சுற்றியுள்ள இடங்களையுமே பேசிவிடலாம்.

ஊரின் பெயர் ஸ்டோக் ரோ. லண்டனுக்கு மேற்கே, ஆக்ஸ்ஃபோர்டுஷயரில், சில்டர்ன் குன்றுகளின் மேலே இருக்கிறது. என் மகள் வீடு இருக்கும் ரெடிங்கிலிருந்து காரில் அரை மணி நேரம். நீளமாக ஒரு தெரு, அதை ஒட்டி வீடுகள், ஒரு சர்ச், கொஞ்சம் தள்ளினால் பீச் மரக் காடு, அவ்வளவுதான் ஊர். முதல் தடவை போனபோது மாப்பிள்ளை வண்டியை ஓரமாக நிறுத்தி, "அத்தை, இறங்குங்க, உங்களுக்கு ஒண்ணு காட்டணும்" என்றார். என்ன ஏது என்று சொல்லவில்லை. இறங்கித் திரும்பினால் எதிரே, புல்வெளி நடுவில், நம் வடநாட்டு மண்டபம் ஒன்று நிற்கிறது! இரும்புத் தூண்கள், மேலே கவிழ்த்த குடை மாதிரி குவிமாடம், உச்சியில் பொன்னிறக் கூர்முனை. உள்ளே கிணற்றின் வாய். அதற்கு மேல் நீர் இறைக்கும் பற்சக்கர இயந்திரம். அந்த இயந்திரத்தின் தலையில் தங்க நிறத்தில் ஒரு குட்டி யானை.

குவிமாடத்தின் கீழே சுற்றிவர எழுத்து பதித்திருக்கிறார்கள். ஒரு சுற்று நடந்தால்தான் முழுவதும் படிக்க முடியும். நடந்தேன். ‘இந்தியாவின் காசி மகாராஜா இந்தக் கிணற்றைக் கொடுத்தார்’ என்பது அதன் சாரம். நம் கோயில் மணியிலும் குத்துவிளக்கிலும் ‘இன்னார் உபயம்’ என்று வெட்டியிருப்பார்களே, அதுவேதான். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, ஆங்கிலத்தில் ஒரு உபயம்!

கதை இதுதான். இப்ஸ்டன் என்று பக்கத்து ஊர். அந்த ஊர்க்காரர் எட்வர்ட் ரீட், கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்கு இந்தியா வந்து, வடமேற்கு மாகாணங்கள் என்று அப்போது சொன்ன இன்றைய உத்தரப் பிரதேசத்தில் பல வருஷம் பெரிய பதவிகளில் இருந்தார். 1831ல் ஆஜம்கரில் ஜனங்களுக்குக் கிணறு வெட்ட உதவியவர் அவர். காசி மகாராஜா ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங்குக்கும் அவருக்கும் நல்ல நட்பு. ஒரு நாள் பேச்சுவாக்கில், தன் ஊர்ப்பக்கம் தண்ணீருக்கு ஜனங்கள் படும் பாட்டை ரீட் சொல்லியிருக்கிறார். வீட்டில் கடைசியாக மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டான் என்று ஒரு சின்னப் பையனை அவன் அம்மா அடித்த சம்பவத்தையும் சொல்லியிருக்கிறார். ராஜாவின் மனதில் அது தங்கிவிட்டது. ரீட் ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பிறகு, ‘அந்தப் பையன் ஊரில் ஒரு கிணறு வெட்டுங்கள், செலவு என்னுடையது’ என்று பணம் கொடுத்தார். 1863ல் தோண்ட ஆரம்பித்து, 1864ல் விக்டோரியா ராணியின் பிறந்த நாளான மே 24 அன்று திறந்தார்கள்.

ஆழம் 368 அடி. அகலமோ வெறும் 4 அடி. நம் அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம் 177 அடி. அதைப் போல இரண்டை ஒன்றன் மேல் ஒன்றாக உள்ளே இறக்கினாலும் இன்னும் 14 அடி மிச்சம் இருக்கும். இத்தனையும் கையால் தோண்டியது. தோண்டிய கூலி சுமார் 353 பவுண்டு. இறைக்கும் இயந்திரத்தைப் பக்கத்து வாலிங்ஃபோர்டு ஊர்ப் பட்டறையில் செய்திருக்கிறார்கள்.

மாம்பலத்தில் நான் பிறந்து வளர்ந்த வீட்டில் கிணறு உண்டு. முப்பது அடிதான். சகடையில் தாம்புக் கயிறு ஓடுகிற சத்தத்தில்தான் எங்கள் வீட்டில் பொழுது விடியும். கயிறு உராய்ந்து அம்மாவின் உள்ளங்கையில் ஆள்காட்டி விரலுக்குக் கீழே காய்ப்பு காய்த்திருக்கும். வாளி அறுந்து விழுந்தால் எதிர்வீட்டிலிருந்து பாதாளக் கரண்டி இரவல் வாங்கி வந்து துழாவுவோம். முப்பது அடிக்கே அந்தப் பாடு. ஸ்டோக் ரோவில் அந்த இரும்புச் சக்கரத்தின் அருகே நின்றபோது, 368 அடியிலிருந்து ஒரு வாளி மேலே வர எத்தனை சுற்று சுற்றியிருக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. சுற்றிச் சுற்றி, ஊர் சுமார் எழுபது வருஷம் அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கிறது. யாரிடமும் காசு வாங்கவில்லை.

கிணறு வெட்டினால் போதாது, பராமரிக்க வருமானம் வேண்டும் என்பதும் ராஜாவுக்குத் தெரிந்திருக்கிறது. நம் ஊரில் கோயிலுக்கு விளக்கெரிய நிலம் எழுதி வைப்பார்களே, அது மாதிரி. கிணற்றோடு நிலம் வாங்கி, அதில் செர்ரி மரங்கள் வைத்து, பழம் விற்ற காசில் பராமரிப்பு. தோப்பின் பெயர் ‘ஈஸ்வரி பாக்’, ராஜாவின் பெயரிலேயே. அதற்குள் மீன் வடிவத்தில் ஒரு குளம், பெயர் ‘மச்லி போக்ரா’. இந்தியில் மீன் குளம். ராஜாவின் சின்னத்தில் மீன் உண்டு. கிணற்றைக் காவல் காப்பவருக்கு ஒரு குட்டி வீடும் கட்டியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் இன்றும் பார்க்கலாம். 1882ல் விக்டோரியா ராணி துப்பாக்கிச் சூட்டிலிருந்து தப்பியபோது, ராஜாவின் செலவில் ஊருக்கே சாப்பாடு போட்டிருக்கிறார்கள். நூறாவது ஆண்டான 1964ல் இளவரசர் பிலிப் வந்திருக்கிறார். அப்போது கங்கை ஜலத்தைக் கொண்டுவந்து இந்தத் தண்ணீரோடு கலந்தார்கள். அதைக் கேட்டபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நம் வீட்டுப் பூஜை அறைகளில் அடைத்து வைத்திருக்கும் செம்புச் சொம்புதான் நினைவுக்கு வந்தது.

கேள்வி: எப்போது பார்த்தாலும் மழை பெய்யும் தேசம் என்று இங்கிலாந்தைச் சொல்வார்கள். அங்கே போய்த் தண்ணீர்ப் பஞ்சமா? 368 அடி வரை போனால்தான் தண்ணீரா? – பெரம்பூர் பள்ளி மாணவி

பதில்: கண்ணு, இதைத்தான் நீ கேட்கணும். மழை எவ்வளவு பெய்கிறது என்பது பாதி விஷயம். பெய்த மழை எந்தக் கல்லின் மேல் விழுகிறது என்பதுதான் மீதி.

சில்டர்ன் குன்றுகள் முழுக்க ஒரு வகை வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன் கடலடியில் நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து படிந்து உண்டானது. கையில் எடுத்துத் தரையில் கிழித்தால் கோடு விழும். மழைத் தண்ணீரை இந்தப் பாறை நிற்க விடாது, வெடிப்புகள் வழியே கீழே, கீழே என்று இழுத்துக்கொண்டே போகும். அதனால் குன்றின் மேலே ஆறும் கிடையாது, ஓடையும் கிடையாது. மேலாக அங்கங்கே களிமண் படிவு இருக்கும். அதில் தேங்கிய கலங்கல் குட்டைதான் ஸ்டோக் ரோ ஜனங்களுக்குக் குடிநீர். கோடையில் அதுவும் வற்றினால் மைல் கணக்கில் நடக்கணும்.

அப்படி உள்ளே இறங்கிய தண்ணீர் என்னவாயிற்று? குன்றின் அடிவாரத்தில் ஊற்றாக வெளியே வருகிறது. அடிவாரத்து ஊர்களில் தெளிந்த ஓடை வீட்டு வாசலில் ஓடும். மேலே இருப்பவர்களுக்கு வாய் நனைக்க வழியில்லை! பக்கத்தில் யூவெல்ம் என்று ஒரு கிராமம். அந்தப் பெயருக்கே பழைய ஆங்கிலத்தில் ‘ஊற்றுக்கண்’ என்று பொருள். ஓடையில் பாத்தி கட்டி வாட்டர்கிரெஸ் என்ற கீரை வளர்த்த இடத்தை இப்போதும் பார்க்கலாம்.

உன் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு டம்ளரில் மணல், இன்னொன்றில் களிமண். இரண்டிலும் ஒரு கரண்டி தண்ணீர் விட்டுப் பார். திருவான்மியூர் மணலில் அந்தக் காலத்தில் பத்து, பதினைந்து அடியில் நல்ல தண்ணீர் ஊறியதற்கும், 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்ததற்கும் காரணம் தேட ஆரம்பித்துவிடுவாய். தேடு. உன் பூகோள டீச்சரை விடாமல் கேள்.

கேள்வி: நம் நாட்டில் ஜனங்கள் பசியில் சாகும்போது, ஓர் இந்திய ராஜா இங்கிலாந்துக்குக் கிணறு வெட்டிக் கொடுத்தாராம். அதைப் போய்ப் பெருமையாகப் பார்ப்பதா? – தாம்பரம் வாசகர்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. கிணறு திறந்து இரண்டே வருஷத்தில், 1866ல் ஒரிசாவில் பெரும் பஞ்சம். 1876லிருந்து 78 வரை நம் சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம். பக்கிங்காம் கால்வாயின் நகரத்துப் பகுதியைப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டியவர்கள் எலும்பும் தோலுமான நம் ஜனங்கள்தான். அதையெல்லாம் மறந்துவிட்டு யானை பொம்மையைப் பார்த்துக் கை தட்ட நான் சொல்லவில்லை. அந்த ராஜா 1857 கிளர்ச்சியின்போது ஆங்கிலேயர் பக்கம் நின்றவர் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். விசுவாசத்தைக் காட்டும் எண்ணமும் அந்தக் கொடையில் இருந்திருக்கலாம்.

ஆனால் குட்டைத் தண்ணீர் குடித்துக் கிடந்த அந்தக் கிராமத்து ஏழைகள் நம்மைச் சுரண்டியவர்கள் இல்லை. அந்த அம்மாவும் பையனும் அந்த ஏழைகளில் சேர்ந்தவர்கள்தான். சாம்ராஜ்யம் உச்சத்தில் இருந்த காலத்தில், தலைநகரத்திலிருந்து ஒரு நாள் தூரத்தில் இருந்த தன் சொந்த ஜனங்களுக்கு அந்த அரசு ஒரு கிணறு வெட்டித் தரவில்லை, காசியிலிருந்து தர்மம் வரவேண்டியிருந்தது. நான் அங்கே போய் நிற்கும்போது எனக்கு முதலில் தெரிவது இதுதான். இப்ஸ்டனிலும் இன்னொரு இந்திய ராஜா கொடுத்த கிணறு சாலையோரம் இருக்கிறது. லண்டன் ரீஜென்ட்ஸ் பார்க்கில் பம்பாய்க்காரர் கவாஸ்ஜி ஜஹாங்கீர் கொடுத்த குடிநீர்த் தொட்டி 1869லிருந்து நிற்கிறது. தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பதை நம்மவர்கள் எந்த ஊர் என்று பார்த்துச் செய்ததில்லை. கோபத்தோடேயே போய்ப் பாருங்கள். பார்க்க வேண்டிய இடம்தான்.

கேள்வி: ஜூன் மாதம் மகன் வீட்டுக்கு ரெடிங் போகிறோம். எனக்கு 67, வீட்டுக்காரருக்கு 72, அவருக்கு முழங்கால் வலி. கிணற்றைப் பத்து நிமிஷத்தில் பார்த்துவிடலாம். அன்றைக்கு மீதி நேரம் என்ன செய்வது? – அண்ணா நகர் வாசகி

பதில்: பத்து நிமிஷத்தில் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். தோப்பில் அரை மணியாவது உட்காருங்கள். அப்புறம் மேலே சொன்ன யூவெல்முக்குப் போங்கள். காரில் இருபது நிமிஷம்.

அங்கே ஒரு சின்ன மேட்டில் தேவாலயம், அதை ஒட்டி முதியோர் விடுதி, அதற்கும் கீழே பள்ளிக்கூடம். மூன்றையும் கட்டியது ஒரே தம்பதி, ஆலிஸ் சாசரும் அவர் கணவர் சஃபோக் பிரபுவும். ஆங்கிலக் கவிதையின் தந்தை என்று சொல்கிற சாசரின் பேத்தி இந்த ஆலிஸ். 1437ல் 13 ஏழை முதியவர்களுக்காகத் தொடங்கிய அந்த விடுதியில் இன்றும் முதியவர்கள் குடியிருக்கிறார்கள். அந்தப் பள்ளிக் கட்டடத்தில் இன்றும் பிள்ளைகள் படிக்கிறார்கள். நம் ராயபுரத்து மணியக்காரர் சத்திரம் நினைவுக்கு வந்தது எனக்கு. 1782ல் கஞ்சித் தொட்டியாக ஆரம்பித்தது அது. யூவெல்ம் அதைவிட மூன்றரை நூற்றாண்டு மூத்தது. செங்கல் முற்றத்தைச் சுற்றி வரிசையாகக் கதவுகள். ஆட்கள் குடியிருக்கும் இடம் என்பதால் சத்தம் போடாமல் முற்றத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஆனால் உங்களை நான் அனுப்புவது ஆலிஸின் கல்லறையைப் பார்க்க. 1475ல் இறந்தவர். தேவாலயத்துக்குள்ளே, வெண்பளிங்கு மாதிரியான அலபாஸ்டர் கல்லில், கை கூப்பிப் படுத்த நிலையில் அவர் உருவம். தலையில் சிறு கிரீடம், இடது முன்கையில் ஆங்கில அரசர்கள் கொடுக்கும் உயர்ந்த கௌரவமான கார்ட்டர் விருதுப் பட்டை. பெண்கள் அதை எப்படி அணிய வேண்டும் என்று தெரிந்துகொள்ள விக்டோரியா ராணியே இந்தச் சிலையைப் பார்த்துவரச் சொன்னதாகச் சொல்வார்கள். அந்த முகத்தில் அப்படி ஓர் அமைதி. கன்னத்துச் சதை லேசாகத் தளர்ந்திருப்பதைக்கூடச் சிற்பி விடவில்லை. இவ்வளவும் எல்லோரும் பார்ப்பது.

கீழே பாருங்கள். கல்லறையின் அடியில், தரையை ஒட்டிச் சின்னச் சின்ன வளைவுகளாகத் துளைகள். நான் குனிந்து பார்த்தேன், இருட்டு. மகள், "அம்மா, தரையில படுத்தாத்தான் தெரியும்" என்றாள். சில்லென்ற கல் தரையில் பக்கவாட்டில் படுத்தேன். அவள் செல்போன் விளக்கைப் பிடித்தாள். உள்ளே இன்னொரு ஆலிஸ்! கிரீடமில்லை, பட்டாடையில்லை. முடி அவிழ்ந்து, கழுத்து நரம்பு புடைத்து, விலா எலும்பு ஒவ்வொன்றாக எண்ணும்படி, பிணமாகக் கிடக்கிறார். மேலே பிரபுவின் மனைவி, கீழே வெறும் உடம்பு. அந்தப் பிணத்துக்கு மேலே, கல்லின் அடிப்புறத்தில், யார் பார்வையிலும் படாத இடத்தில், மேரிக்கு தேவதை வாக்குச் சொல்லும் காட்சியை வண்ணத்தில் தீட்டியிருக்கிறார்கள். பார்க்கிறவர்களுக்காக வரைந்ததில்லை அது. படுத்திருப்பவருக்காக மட்டும் வரைந்தது. நம் கோயில்களில் கோபுரத்தின் பின்பக்கத்துச் சிற்பத்துக்கும் நகம் செதுக்கியிருப்பார்கள். அதே மனசு.

உங்கள் வீட்டுக்காரர் முழங்காலோடு தரையில் படுக்க வேண்டாம். நீங்கள் போனைத் துளைக்குள் காட்டிப் படம் எடுத்து அவரிடம் காட்டுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம்.

இன்னும் தெம்பு இருந்தால் வாலிங்ஃபோர்டு. 1155ல் இரண்டாம் ஹென்றி ராஜா சாசனம் கொடுத்த பழைய சந்தை ஊர். ஒரு காலத்தில் பெரிய கோட்டை. 1652ல் கிராம்வெல் ஆட்சியில் இடித்துத் தள்ளினார்கள். இப்போது புல் மேடும் சில சுவர்களும்தான் மிச்சம். தேம்ஸ் நதிக்கரையில் உட்கார நல்ல இடம். முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு ஊர் போதும்.

கேள்வி: ஜி.யு. போப் தன் கல்லறையில் ‘இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்’ என்று எழுதச் சொன்னார் என்று படித்திருக்கிறோம். அந்தக் கல்லறையைப் பார்த்தீர்களா? – வேளச்சேரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

பதில்: பார்த்தேன் ஐயா. ரெடிங்கிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டுக்கு ரயிலில் அரை மணிதான். அங்கே ஜெரிக்கோ என்ற பகுதியில், வால்டன் தெருவில், செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டம். ரயிலடியிலிருந்து மெதுவாக நடந்தே போய்விட்டோம். புல் வளர்ந்த, மரம் அடர்ந்த, அமைதியான இடம்.

தங்களிடம் ஒன்றைப் பணிவோடு சொல்ல வேண்டும். அந்த வாசகம் கல்லில் இல்லை. நானும் முப்பது வருஷம் பிள்ளைகளிடம் அப்படித்தான் சொல்லி வந்தேன். அதனால் கல்லின் எல்லாப் பக்கமும் சுற்றித் தேடினேன். இல்லை. இருப்பது வேறு. அவர் தென்னிந்தியாவில் உழைத்தவர், பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் போதித்தவர், பேலியல் கல்லூரியின் பாதிரியாராக இருந்தவர், 1820ல் பிறந்து 1908ல் மறைந்தார் என்று இருக்கிறது. அதற்கும் கீழே, கீழ்த்திசை இலக்கியத்துக்கும் தத்துவத்துக்கும் அவர் ஆயுள் முழுக்கச் செய்த உழைப்பை அன்போடு போற்றி, அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியாவிலுள்ள தமிழ் நண்பர்களும் வைத்த கல் இது என்று பொறித்திருக்கிறது.

நாம் கேள்விப்பட்ட வாசகம் அவர் தன்னைப் பற்றிச் சொன்னதாக வரும் கதை. கல்லில் இருப்பது நம்மவர்கள் அவரைப் பற்றிச் சொன்னது. 1886ல் குறளையும் 1900ல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் கொண்டுவந்தவருக்கு, அன்றைய தமிழர்கள் கடல் தாண்டிச் சேர்ந்து வைத்த கல். எனக்கு இதுதான் பெரியதாகப் படுகிறது. மெரினாவில் 1968ல் நாம் வைத்த சிலையை எல்லோரும் பார்க்கிறோம். அதற்கு அறுபது வருஷம் முந்திய நம் நன்றி அங்கே பாசி படிந்து நிற்கிறது. கையில் இருந்த தண்ணீர் பாட்டிலைக் கொண்டு எழுத்தைக் கழுவலாம் என்று தோன்றியது. ஆனால் பழைய கல்லை நாமாகத் தேய்க்கக் கூடாது. ‘அன்பிற்கும் உண்டோ’ குறளை வாய்விட்டுச் சொல்லிவிட்டு வந்தேன்.

கேள்வி: சுற்றுலாக் கம்பெனிகள் எல்லாம் ஸ்டோன்ஹெஞ்ச் அழைத்துப் போகிறார்கள். நீங்கள் அதைப் பற்றி ஒன்றுமே எழுதுவதில்லையே? – மடிப்பாக்கம் வாசகர்

பதில்: போக வேண்டிய இடம்தான். ஆனால் சாதாரண டிக்கெட்டில் கற்களை எட்ட நின்றுதான் பார்க்கலாம். கல்லைத் தொட்டுப் பார்க்க ஆசை என்றால் அதே வில்ட்ஷயர் மாவட்டத்தில் ஏவ்பரிக்குப் போங்கள். உலகத்திலேயே பெரிய கல்வட்டம், அதற்கு நடுவிலேயே ஒரு கிராமம் இருக்கிறது, கல்லுக்குப் பக்கத்தில் ஆடு மேய்கிறது. அதைவிட என் மனதுக்கு நெருங்கியது அஃபிங்டன் வெள்ளைக் குதிரை. பச்சைக் குன்றின் சரிவில், புல்லைச் செதுக்கி, வெள்ளைச் சுண்ணாம்பை நிரப்பி வரைந்த 110 மீட்டர் நீளக் குதிரை. ஏறத்தாழ 3,000 வருஷப் பழசு. கவனிக்காமல் விட்டால் புல் மூடிவிடும். அதனால் ஒவ்வொரு தலைமுறையும் அதைச் செதுக்கிப் புதுப்பித்திருக்கிறது. இப்போதும் ஊர்க்காரர்கள் சுத்தியலோடு முழங்காலிட்டுச் சுண்ணாம்பை இடித்து நிரப்புகிறார்கள். மூவாயிரம் வருஷமாக அழிய விடாமல் போட்டுக்கொண்டே வருகிற ஒரு கோலம்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். கிராமத்தில் சாப்பாடு? – திருவல்லிக்கேணி வாசகி

பதில்: பப் என்பது குடிக்கிற இடம் மட்டும் இல்லை, குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுகிற இடமும்தான். கூச்சப்பட வேண்டாம். தோலோடு சுட்ட உருளைக்கிழங்கு வெண்ணெயுடன் கிடைக்கும். சூப்பில் கோழிச் சாறு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள். ஸ்கோன் என்ற குட்டி பன்னில் முட்டை இருக்கலாம், அதையும் கேளுங்கள். மதியம் இரண்டு, இரண்டரைக்கு மேல் நிறைய பப்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். முதல் தடவை மூன்று மணிக்குப் போய் நின்று பசியோடு திரும்பினோம். அதிலிருந்து புளியோதரை இல்லாமல் நான் கிளம்புவதில்லை.

கேள்வி: வயல் நடுவே நடந்தால் சொந்தக்காரர்கள் விரட்ட மாட்டார்களா? – குரோம்பேட்டை வாசகர்

பதில்: பொதுப் பாதை என்று குறித்த இடத்தில் யாரும் விரட்ட முடியாது. நிலம் தனியாருடையது என்றாலும் அதன் குறுக்கே நடக்கும் உரிமை சட்டப்படி பொதுஜனத்துக்கு உண்டு. பாதை பிரியும் இடத்தில் கம்பம் நட்டு அம்புக்குறி போட்டிருப்பார்கள். அந்த நாட்டு நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடத்தில் ஒவ்வொரு ஒற்றையடிப் பாதையும் இருக்கும். 1802ல் ஆங்கில அதிகாரி லாம்டன் நம் பரங்கிமலையில் அளவுச் சங்கிலியைப் போட்டு ஆரம்பித்த நில அளவை வேலையின் பங்காளி அது. பூகோள வகுப்பில் எனக்குப் பிடித்த பாடம்! மூன்று விஷயம் முக்கியம். நீங்கள் திறந்த கேட்டை மூடிவிட்டுப் போங்கள். கன்றோடு நிற்கும் மாட்டுக்குப் பக்கத்தில் போகாதீர்கள். வேலியோரம் அரிக்கிற செடி உண்டு, நம் செந்தட்டி மாதிரி, அதனால் புடவையோ சுரிதாரோ, கணுக்கால் மூடியிருக்கட்டும். சில இடங்களில் வேலியைத் தாண்ட மரப்படி இருக்கும். முழங்கால் வலிக்காரர்கள் அந்தப் பக்கம் வேண்டாம்.

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது. ஆங்கிலம் தெரியாது. தம்பி வீட்டில் ஆறு மாதம் இருக்கப் போயிருக்கிறார். பகலில் எல்லோரும் வேலைக்குப் போன பிறகு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாராம். போனில் அழுகிறார். கிராமம், கல்லறை எல்லாம் அவருக்கு ரசிக்குமா? – சூளைமேடு வாசகி

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் பயணத்தில் மூன்றாவது வாரம் நானும் அப்படித்தான் இருந்தேன். வீட்டில் எல்லா வசதியும் உண்டு, ஆனால் ‘இது எனக்குத் தெரியும்’ என்று சொல்ல ஒன்றும் கண்ணில் படாது. மியூசியமும் அரண்மனையும் அந்தக் குறையைத் தீர்க்கவில்லை.

தம்பியிடம் சொல்லி அம்மாவைக் கிணற்றுக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். போகிற வழியில் ஒன்றும் விளக்க வேண்டாம். சகடை எது, வாளி எங்கே மாட்டும், கைப்பிடியை எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பதெல்லாம் அம்மாவுக்கே தெரியும். யானையைப் பார்த்ததும் கேட்பார். அப்போது தண்ணீர் குடித்து அடி வாங்கிய பையனின் கதையைத் தம்பி சொல்லட்டும். அதற்கு ஆங்கிலம் வேண்டாம். அவர் தன் ஊர்க் கிணற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தம்பி அவசரப்படுத்தாமல் கேட்கட்டும். போனில் பதிவு செய்துகொண்டாலும் நல்லது.

சனிக்கிழமை போகச் சொல்லுங்கள். ஒரு தூக்கில் தயிர் சாதம், ஊறுகாய், புல்லில் விரிக்க ஜமக்காளம், அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர். ஜூலையில் போனால் செர்ரி பழுத்திருக்கும்.